கழன்ற சிர்கோனியா கேப்: முதலில் அதன் உள்பக்கத்தைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 46. பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். கீழ்வரிசையில் வலப்பக்கக் கடைவாய்ப்பல்லுக்கு ரூட் கேனல் செய்து சிர்கோனியா கேப் போட்டார்கள். ஏழாம் மாதம் சப்பாத்தி மெல்லும்போது கழன்று வந்தது. அதையே திரும்ப ஒட்டினார்கள். மூன்றே வாரத்தில் மறுபடியும் வந்துவிட்டது. "பல் குட்டையாக இருக்கிறது, அதனால்தான்" என்கிறார் டாக்டர். "சிர்கோனியா ஒட்டவே ஒட்டாது, மெட்டல் கேப் போட்டுக்கொள்" என்கிறார் அக்கா. 15 வருட வாரண்டி கார்டு கையில் இருக்கிறது. என்ன செய்யலாம்?
- வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: கேப்பைக் கழுவி ஈரம் துடைத்து, டார்ச் வெளிச்சத்தில் உள்பக்கத்தைப் பாருங்கள். பழைய சிமெண்ட் எங்கே தங்கியிருக்கிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். கேப்பின் உட்புறம் சுத்தமாக, பளபளப்பாக இருந்து, சிமெண்ட் முழுவதும் பல்லின் மேல் நின்றுபோயிருந்தால், சிர்கோனியா பக்கம் பிடிப்பு விட்டிருக்கிறது. சிமெண்ட் கேப்புக்குள் ஒட்டிக்கொண்டு பல் வெறுமையாக இருந்தால், பல் பக்கம் விட்டிருக்கிறது. கேப்புக்குள் பழுப்பு நிறத்தில் பல் துண்டு இருந்தால் உடைந்தது பல். அதற்கு எந்தப் பசையும் மருந்தல்ல. எதைக் கண்டாலும் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள். அவர் சுரண்டிச் சுத்தம் செய்த பிறகு இந்தத் தடயம் கிடைக்காது.

சிர்கோனியா ஒட்டவே ஒட்டாது என்பது சரியல்ல. பழைய பீங்கான் முறையில் ஒட்டினால் ஒட்டாது என்பதுதான் சரி. பீங்கானில் கண்ணாடிச் சத்து உண்டு. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் அதை அரித்து நுண்குழிகளை உண்டாக்கும். சிலேன் என்ற திரவம் அதோடு இணையும். சிர்கோனியாவில் அந்தக் கண்ணாடிச் சத்து கிடையாது. வழக்கமாக க்ளினிக்கில் பயன்படுத்தும் அளவில் அமிலம் அதை அரிக்காது. வெறும் சிலேன் நிலையாகப் பிடிக்காது. அதனால் இதற்கு வழி வேறு: மணல் வீச்சு, எம்டிபி என்ற வேதிப்பொருள் உள்ள பிரைமர் (ஒட்டுவதற்கு முன் தடவும் திரவம்), ரெசின் சிமெண்ட் (பிசின் வகை ஒட்டுப்பசை). மூன்றும் இந்த வரிசையில்தான் வர வேண்டும்.

மணல் வீச்சு என்றால் சாண்ட்பிளாஸ்டிங். 50 மைக்ரான் அலுமினா தூளை ஏறக்குறைய 10 மி.மீ. தூரத்திலிருந்து 10 முதல் 15 நொடி அடிப்பார்கள். கடைவாய்க்குப் போடும் வலுவான வெள்ளைச் சிர்கோனியாவுக்கு 2 பார் அழுத்தம் போதும். ஒளி ஊடுருவும் அழகுவகைச் சிர்கோனியா வலுவில் குறைந்தது. அதற்கு 1 பார் அளவோடு நிறுத்துவதே நல்லது, மிஞ்சினால் நுண்விரிசல் விழும். உட்புறத்தில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, மை முழுவதும் மறையும்வரை அடிப்பது எளிய உத்தி. எந்த மூலையும் விட்டுப்போகாது. அடித்து முடித்த பரப்பு மினுமினுப்பு இல்லாமல் மங்கலாக இருக்க வேண்டும்.

அடுத்தது பிரைமர். எம்டிபி மூலக்கூறின் ஒரு முனையில் பாஸ்பேட் இருக்கிறது. அது சிர்கோனியாவைப் பற்றிக்கொள்கிறது. மறுமுனை ரெசின் சிமெண்ட்டோடு இணைகிறது. எச்சிலிலும் பாஸ்பேட் இருக்கிறது என்பதுதான் சிக்கல். கேப்பை வாயில் ஒருமுறை போட்டுப் பார்த்தாலே அந்தப் பாஸ்பேட் முந்திக்கொண்டு இடம்பிடிக்கும். பிறகு தடவும் பிரைமருக்கு இடமில்லை. தண்ணீரில் கழுவினால் அது போகாது. பாஸ்பாரிக் அமிலத்தால் துடைப்பது இன்னும் மோசம், அந்த அமிலமே பாஸ்பேட்டைக் கொண்டுவந்து விட்டுப்போகிறது. சிறிய க்ளினிக்குகளில் நடக்கும் தவறு பெரும்பாலும் இங்கேதான். மணல் வீச்சு இயந்திரம் லேபில் இருக்கும். அங்கே அடித்து அனுப்பியதை வாயில் பொருத்திப் பார்த்து, துடைத்து, அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். பொருத்திப் பார்த்த பிறகுதான் மணல் வீச்சு நடக்க வேண்டும். லேபிலேயே அடித்து வந்திருந்தால், ஐவோகிளீன் போன்ற சுத்திகரிப்புப் பசையைத் தடவி 20 நொடி விட்டு, நன்றாகக் கழுவி, எண்ணெய் கலக்காத காற்றால் உலர்த்தலாம். பிரைமர் தடவிய பின் அந்தப் பரப்பில் விரலோ ஈரமோ படக்கூடாது.

உங்கள் கேப் இரண்டாம் முறை மூன்றே வாரத்தில் விட்டதற்கும் காரணம் பெரும்பாலும் இதுவே. பழைய சிமெண்ட்டைச் சுரண்டிவிட்டு, ஏழு மாத எச்சில் ஊறிய பரப்பின் மேலேயே புதுச் சிமெண்ட்டை வைத்தால் அவ்வளவு நாள்தான் தாங்கும்.

பல் பக்கமும் சுத்தம் தேவை. கிராம்பு எண்ணெய்ச் சத்தான யூஜினால் கலந்த தற்காலிகச் சிமெண்ட் மிச்சமிருந்தால் ரெசின் சரியாக இறுகாது. பியூமிஸ் பொடியால் தேய்த்து எடுக்க வேண்டும். ஈறிலிருந்து ரத்தம் கசிந்தால் அன்று ஒட்டாமல் தள்ளிப்போடுவது மேல். சிர்கோனியா வழியாக ஒளி குறைவாகவே போகும் என்பதால், தானாகவும் ஒளியாலும் இறுகும் இருவகைச் சிமெண்ட் வேண்டும். பிதுங்கியதை நீக்கிய பின் ஒவ்வொரு பக்கமும் 20 நொடியாவது ஒளி காட்டுவார்கள். அன்று முழுவதும் மறுபக்கத்தால் மெல்லுங்கள்.

உங்கள் டாக்டர் பல் குட்டை என்று சொன்னதையும் ஒதுக்க வேண்டாம். கடைவாயில் செதுக்கிய பல் 4 மி.மீ. உயரமாவது இருக்க வேண்டும், சுவர்கள் அதிகம் சரியாமல் நிற்க வேண்டும். அப்படியிருந்தால் சாதாரண கண்ணாடி அயனோமர் வகைச் சிமெண்ட்டே போதும். 3 மி.மீ.க்குக் கீழே போய், சுவரும் கூம்பாக இருந்தால், ரெசினை மட்டும் நம்ப முடியாது. பக்கச் சுவரில் பள்ளக்கோடு வெட்டலாம். அல்லது ஈறைச் சற்றுக் கீழிறக்கும் சிறு அறுவை செய்து, ஆறு வாரமளவு ஆற விட்டு அளவெடுக்கலாம். இரண்டுக்கும் புது கேப் தேவை. மெட்டல் கேப்பும் இதே உயரத்தைப் பிடித்துத்தான் நிற்கும் என்று அக்காவிடம் சொல்லுங்கள்.

கடித்தால் அந்தப் பல் முதலில் தட்டுகிறதா என்று கடி காகிதம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தூக்கத்தில் பல் நறநறக்கும் பழக்கம் இருந்தால் இரவில் போடும் காப்பு வேண்டும். வாரண்டி கார்டின் விதிகளையும் படியுங்கள். பல லேப்களின் கார்டு கேப் உடைவதற்கு மட்டும்தான். ஒட்டு விட்டதற்குப் பொறுப்பு ஏற்காது.

இரண்டாம் கருத்து வேண்டுமென்றால், விக்டோரியா மருத்துவமனை அருகே கோட்டைப் பகுதியில் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியில் செயற்கைப்பல் துறையில் காட்டலாம். போகும் இடம் எதுவானாலும், "பொருத்திப் பார்த்த பிறகு உள்ளே என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள்.

அதுவரை ஃபெவிகுயிக் போன்ற பசையால் ஒட்டிப் பார்க்காதீர்கள். உள்ளே அது இறுகி நின்றால் கேப் சரியாக உட்காராது. ஆடும் கேப்பை வாயில் வைத்துத் தூங்கவும் வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். ஒரு சிறு டப்பாவில் போட்டு வையுங்கள். ரூட் கேனல் செய்த பல்லில் வலி தெரியாது என்பதால் தள்ளிப்போடத் தோன்றும். ஆனால் திறந்து கிடக்கும் பல் வெடிக்கலாம், எச்சில் உள்ளே கசியலாம், பக்கத்துப் பல் சாய்ந்து கேப்பின் இடத்தைக் குறைத்துவிடலாம். இந்த வாரத்துக்குள் போய்விடுங்கள்.