அப்பா அம்மாவுக்கு இல்லாதது பிள்ளைக்கு எப்படி வரும்? ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு என்றால் என்ன?

பத்தாவது படிக்கிற பிள்ளைக்குச் சொல்லித்தரக் கேட்கிறீர்கள் போல. நான் பி.காம்., பயாலஜி வாத்தியார்கள் சண்டைக்கு வராதீர்கள். இந்த 'ஒடுங்கு' என் சோற்றில் மண்ணைப் போட்டதால் எழுதுகிறேன்.

செல்லுக்குள் நூல் மாதிரி இருப்பது குரோமோசோம். அதில் இருப்பது ஜீன், நம் பண்புகளைத் தீர்மானிப்பது. ஒரு ஜீனின் மாற்று வடிவங்கள் அல்லீல்கள். அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று வரும். இரண்டும் வேறாக இருந்தால் வெளியே தெரிவது ஓங்கு, தெரியாதது ஒடுங்கு. மரபியலுக்கு அடித்தளம் போட்ட மெண்டல் நெட்டைப் பட்டாணியையும் குட்டையையும் கலந்தார், முதல் தலைமுறை அத்தனையும் நெட்டை. அடுத்ததில் நாலில் ஒன்று குட்டையாக வந்து நின்றது. ஒடுங்கு என்றால் நோஞ்சான் இல்லை, ஒளிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

எங்களுக்கு வேலூர் மாவட்டத்தில் கணியம்பாடி பக்கம், மிலிட்டரிக்காரர்கள் நிறைந்த பகுதி. நைனாவும் மிலிட்டரிதான். நானும் ஓட்டமெல்லாம் தேறி மெடிக்கலுக்குப் போனேன். கலர் புள்ளிகளாக ஒரு புத்தகம், நிறக்குருடு இருக்கிறதா என்று பார்ப்பது. புள்ளிகளுக்குள் இருக்கிற எண்ணைச் சொல்ல வேண்டும். முதல் பக்கம் 12, சரியாகச் சொன்னேன். அடுத்ததில் 3 என்றேன். அது 8-ஆம். கதை முடிந்தது. (ஒரு வருஷம் பணம் வாங்கி ஓடவிட்ட கோச்சிங் சென்டரில் ஒருத்தனும் அந்தப் புத்தகத்தைக் காட்டவில்லை. அது வேறு வயிற்றெரிச்சல்.)

"நம்ம ரத்தத்துலயே இது கிடையாது" என்றார் சித்தப்பா. வாஸ்தவம்தான், நைனா எனக்குக் கொடுத்தது ஒய் குரோமோசோம், ஆணாக்குவது அதுதான். சிவப்பு பச்சை குழம்புகிற இந்த ஒடுங்கு ஜீன் இருப்பது எக்ஸ் குரோமோசோமில், அது அம்மா கொடுத்தது. அம்மாவுக்கு எக்ஸ் இரண்டு, ஒன்று சரியாக இருந்ததால் நிறமெல்லாம் நன்றாகத் தெரியும். ஆம்பிளைக்கு எக்ஸ் ஒன்றுதான், மறைக்க ஆளில்லை. அம்மாவைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்பாதீர்கள், அவளுக்கே அது அவள் அப்பா, என் தாத்தா கொடுத்தது. அணைக்கட்டு என்கிற ஊரில் தக்காளி போட்டவர் தாத்தா, ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துத்தான் பறிப்பார். அப்படியும் கூடையில் பாதி காயாக இருக்கும். "கண்ண எங்க வெச்சினு கீற" என்று பாட்டி கத்தும். அவருக்குப் புத்தகம் காட்ட யாரும் இல்லை.

அக்காவுக்கும் அந்த எக்ஸ் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அவள் பையன் யூகேஜி. போன வாரம் மாமரம் வரைந்து இலைக்கெல்லாம் பழுப்பு அடித்திருந்தான், மிஸ் சுழித்துவிட்டார்களாம், அக்கா ஒரே கோபம். நான் இன்னும் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.