மறு: ரேட்டிங் வாங்க அமெரிக்கச் சங்கத்தில் சேர வேண்டுமா?

தம்பி, ஒரு பைசா கட்டாதீர்கள். தக்கலையில் நீங்கள் மூன்று பேர் சேர்ந்து செய்த மொபைல் கேமுக்கு, ஈ.எஸ்.ஏ. என்ற அமெரிக்க வீடியோ கேம் கம்பெனிகளின் சங்கத்தில் உறுப்பினரானால்தான், எந்த வயதினர் ஆடலாம் என்று சொல்லும் வயது ரேட்டிங் கிடைக்கும் என்று ஏஜென்ட் பணம் கேட்கிறாராம். சுத்தக் கப்சா.

1993-இல் மார்ட்டல் காம்பாட் கேமின் ரத்தக்களரியை வைத்து அமெரிக்க செனட்டில் விசாரணை நடந்தது. அரசு சட்டம் போடுமுன் முந்திக்கொள்ள, 1994-இல் பெரிய கம்பெனிகள் கூடி இந்தச் சங்கத்தை வைத்தன, ஈ.எஸ்.ஆர்.பி. என்ற ரேட்டிங் அமைப்பையும் தொடங்கின. கெட்டிக்காரர்கள்தான். அரசிடம் தங்கள் தொழிலுக்காக வாதாடுவது, வழக்கு நடத்துவது, இதெல்லாம் சங்கத்தின் வேலை. 2021 வரை ஈ3 என்ற வீடியோ கேம் கண்காட்சியையும் நடத்தினார்கள். ரேட்டிங் வாங்க அந்தச் சங்கத்தில் உறுப்பினராக வேண்டியதில்லை.

கூகுள் பிளேயில் ஒரு முறை 25 டாலர் கட்டிக் கணக்கு திறந்திருப்பீர்கள் அல்லவா? அந்தக் கணக்கின் நிர்வாகப் பக்கத்திலேயே, பல நாட்டு ரேட்டிங்குகளையும் ஒரே முறையில் தரும் ஐ.ஏ.ஆர்.சி. கேள்வித்தாள் இருக்கிறது, இலவசம். ரத்தம் உண்டா, சூதாட்டம் உண்டா, ஆட்டக்காரர்கள் பேசிக்கொள்ள முடியுமா என்று கேட்கும். நிரப்பியதும் அமெரிக்காவுக்கு ஈ.எஸ்.ஆர்.பி., ஐரோப்பாவுக்கு பெகி என்று ரேட்டிங் தானாக வந்துவிடும்.

உங்கள் குளச்சல் மீன்பிடி கேமில் மீன் வெட்டும் காட்சி, சாட் வசதி இரண்டும் இருப்பதாகச் சொன்னீர்கள். மறைக்காமல் குறிப்பிடுங்கள், பொய்ப் பதில் கொடுத்தால் கேமையே தூக்கிவிடுவார்கள். அப்புறம், ஆப்பிளுக்குத் தனிக் கேள்வித்தாள். அதற்கும் ஏஜென்ட் தேவையில்லை.