பல் அடைக்கும்போது எனக்கு மட்டும் ஏன் கூடுதல் நேரம் லைட்?

கேள்வி: என் வயது 46. போன வாரம் கடைவாய்ப்பல் சொத்தையைப் பல் நிறத்திலேயே அடைத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, ஒவ்வொரு தடவையும் நீல லைட்டை 40 விநாடி பிடித்தார்கள். அதே கிளினிக்கில் என் மகளுக்கு 20 விநாடிதான். கேட்டால், "உங்கள் ஷேடு ஏ3.5" என்று மட்டும் சொன்னார்கள். லைட் பழசா? கூடுதல் சூட்டில் பல் நரம்பு கெட்டுவிடுமா?
– வாசகி, திருச்சி

பதில்: அந்த ஒற்றை வரிப் பதில் சரியானதுதான். இன்னும் இரண்டு வரி சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

ஷேடு என்பது பல்லின் நிறத்தைக் குறிக்கும் எண். ஏ1, ஏ2, ஏ3, ஏ3.5, ஏ4 என்று எண் ஏற ஏற நிறம் அடர்த்தியாகும். உங்கள் மகளின் பல் அநேகமாக ஏ1 அல்லது ஏ2 ஆக இருந்திருக்கும். பல் நிறத்தில் அடைக்கும் பொருளான காம்போசிட்டில் கேம்ஃபர்குயினோன் என்றொன்று உண்டு. சுமார் 470 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி பட்டதும் அதுதான் இறுகும் வேலையைத் தொடங்கி வைக்கிறது. அடர்ந்த ஷேடில் இருக்கும் நிறமிகள் அந்த ஒளியில் ஒரு பங்கை வழியிலேயே விழுங்கிவிடும். ஒளி ஊடுருவாத ஷேடுகளோ அதைச் சிதறடிக்கும். அதனால்தான் உங்களுக்குக் கூடுதல் நேரம். மேற்பரப்பு எப்படியும் கல் மாதிரி இறுகிவிடும். அடியில் மட்டும் அரைகுறையாக நின்றுவிடலாம். மேலிருந்து குத்திப் பார்த்தால் இது தெரியாது. பின்னாளில் கூச்சம், ஓரத்தில் இடைவெளி, மறுபடி சொத்தை என்றுதான் வெளிப்படும்.

அதனால் 40 விநாடியைவிட, "கொஞ்சம் கொஞ்சமாக வைத்தார்கள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வழக்கமான காம்போசிட்டை ஒரு தடவைக்கு 2 மில்லிமீட்டருக்கு மேல் வைக்கக் கூடாது. மொத்தமாக வைத்துவிட்டு லைட்டை ஒரு நிமிடம் பிடித்தாலும் அடி இறுகும் என்று நம்ப முடியாது. 4 மில்லிமீட்டர் வரை ஒரே தடவையில் வைக்கும் 'பல்க் ஃபில்' வகை வேறு. அதில் பெரும்பாலானவை ஒளி உள்ளே போவதற்காகவே சற்றுக் கண்ணாடித் தன்மையோடு தயாராகின்றன.

வெளிர் ஷேடு என்றாலே சுலபம் என்றும் இல்லை. கேம்ஃபர்குயினோன் மஞ்சள் நிறப் பொருள். வெளுக்க வைத்த பல்லுக்கான பளீரென்ற ப்ளீச் ஷேடுகளில் சிலவற்றில் அதைக் குறைத்து, ஊதா ஒளியில் இயங்கும் வேறு பொருள் சேர்ப்பார்கள். நீலம் மட்டும் தரும் எல்.இ.டி. லைட் அதற்குப் போதாது.

என்னைக் கேட்டால், வெளியே தெரியாத கடைவாய்ப்பல்லில் ஷேடு அச்சாகப் பொருந்தியே ஆகவேண்டும் என்பதில்லை. ஆழமான குழியின் அடியில் ஒரு படி வெளிர் ஷேடு வைப்பதில் தவறே கிடையாது. முன்பல் என்றால் கதை வேறு.

லைட்டால் சூடு உண்டாவது உண்மை. நரம்புக்கு மிக அருகில் வரை போன குழியில் அதைக் கவனிக்க வேண்டும். காற்று அடித்தும், அடுக்குக்கு அடுக்கு இடைவெளி விட்டும் சூட்டைக் குறைப்பார்கள். உங்களுக்குச் செய்த முறையில் கவலைப்பட எதுவும் தெரியவில்லை. லைட் பழசா என்பதை நேரத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஒளியின் வலிமையை அளக்கும் கருவி இருக்கிறது, கிளினிக்கில் தயங்காமல் கேட்கலாம்.

குளிர்ந்த தண்ணீருக்கு ஓரிரு வாரம் லேசாகக் கூசுவது சகஜம். தானாகவே வலித்தாலோ, இரவில் தூக்கம் கெடும்படி வலித்தாலோ உடனே போய்க் காட்டுங்கள். கடிக்கும்போது மட்டும் வலித்தால், பெரும்பாலும் அடைப்பு கொஞ்சம் உயரமாக இருக்கும். தேய்த்துச் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும்.