முட்டைக்கோஸ் இலையில் பலகை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

முட்டைக்கோஸ் இலையில் செய்த பலகை கான்கிரீட்டைவிட மூன்று மடங்கு உறுதி என்று படித்தேன். அப்படியானால் தூண், தளம் எல்லாம் போடலாமா?

போடக் கூடாது. அந்த மூன்று மடங்கு என்பது வளைவுறுதியில், அதாவது வளைக்கும்போது முறியாமல் தாங்குவதில் மட்டும். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் யூயா சகாய், கோத்தா மச்சிதா ஆகியோர் 2021இல் வெளியிட்ட ஆய்வில், சீன முட்டைக்கோஸ் எனும் நீள்வடிவ ரகத்தின் இலைப் பொடியைச் சூட்டில் அழுத்திச் செய்த வில்லை 18 மெகாபாஸ்கல் (உறுதியையும் அழுத்தத்தையும் அளக்கும் அலகு) வரை வளைவைத் தாங்கியது. கான்கிரீட்டுக்குப் பொதுவாக 5 வரை சொல்வார்கள். நம் நாட்டுக் கான்கிரீட் தரவிதியான ஐ.எஸ். 456 சூத்திரப்படி எம்20 ரகக் கான்கிரீட்டுக்கு 3.1தான் வரும். கான்கிரீட் வளைவில் பலவீனமானது. அதனால்தான் உள்ளே கம்பி கட்டுகிறோம். அதன் பலம் மேலிருந்து அழுத்தும் பாரத்தைத் தாங்கி நிற்பதில் இருக்கிறது. இலைப் பலகையோ தீப்பிடிக்கும், ஈரத்தில் ஊதும். உள்சுவரில் ஒட்டும் பலகை, தட்டு, சிறு மேசைப் பரப்பு ஆகியவற்றுக்கு அருமையான பொருள். அதற்கு மேல் அதனிடம் கேட்காதீர்கள்.

“5 மி.மீ. தடிமனில் 30 கிலோ தாங்கும்” என்ற செய்தியையும் அளவோடு படிக்க வேண்டும். பலகையின் அகலம் 5 செ.மீ., தாங்கிகளுக்கு இடைவெளி 5 செ.மீ. என்று கொண்டால் 18 மெகாபாஸ்கலுக்கு நடுவில் 300 நியூட்டன், அதாவது 30 கிலோ கணக்கு வருகிறது. இடைவெளியை 10 செ.மீ. ஆக்கினால் 15 கிலோதான். தடிமனை இரட்டித்தால் தாங்குதிறன் நான்கு மடங்காகும்.

சிறு பட்டறையில் ஒரு மாதிரி வில்லை செய்து பார்க்க என்ன வேண்டும்?

5×5 செ.மீ. உள்ளளவில், 3 செ.மீ. ஆழத்தில் ஒரு அச்சு. 304 ரக எவர்சில்வரில் லேத் பட்டறையில் செய்து வாங்குங்கள். இந்த வில்லையைச் சாப்பிடவும் முடியும் என்பதால் துருப்பிடிக்கும் இரும்பு ஆகாது. மேலே இறங்கும் கட்டைக்கும் அச்சுச் சுவருக்கும் 0.1 முதல் 0.2 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். நீராவி வெளியேறும், பொடி வெளியேறாது. 20 மெகாபாஸ்கல் அழுத்தம் தர இந்தப் பரப்புக்கு 5 டன் போதும், ஆனால் 10 டன் ஹைட்ராலிக் பிரஸ் வைத்துக்கொள்வது நல்லது. இதையே 10×10 செ.மீ. ஆக்கினால் 20 டன் தேவைப்படும். முதல் முயற்சியிலேயே பெரிய ஓடு செய்ய நினைப்பவர்கள் இந்தக் கணக்கைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

சீன முட்டைக்கோஸில் ஏறத்தாழ 95 சதவீதம் தண்ணீர். ஒரு கிலோ இலை காய்ந்தால் 50 கிராம். இந்த வில்லைக்குச் சுமார் 18 கிராம் பொடி வேண்டும், ஆகவே 400 கிராம் இலை எடுத்துக்கொள்ளுங்கள். டோக்கியோ ஆய்வாளர்கள் வெற்றிடத்தில் உலர்த்தினார்கள். அந்த வசதி இல்லாவிட்டால் 60 டிகிரியில் ட்ரையர், அல்லது வலை மூடிய வெயில் தட்டு. கையில் நொறுக்கினால் சடசடவென்று உடைய வேண்டும். துவண்டால் இன்னும் ஈரம் இருக்கிறது. பிறகு மிக்ஸியில் அரைத்து, மைதா சல்லடையில் இரண்டு முறை சலியுங்கள்.

100 கிராம் பொடிக்கு 5 கிராம் தண்ணீர் என்ற விகிதத்தில் தெளித்துப் பிசறி, மூடி ஒரு மணி நேரம் வையுங்கள். பொடியில் உள்ள சர்க்கரையும், பெக்டின் என்ற இயற்கைப் பசையும் இளகி நாரை ஒட்டவைக்க இந்தக் கொஞ்ச ஈரம் வேண்டும். அச்சின் அடியிலும் மேலும் பட்டர் பேப்பர் வைத்து, 110 டிகிரிக்குச் சூடேற்றி, 10 நிமிடம் அழுத்துங்கள். அழுத்தத்தை விடாமலே 60 டிகிரிக்குக் கீழே ஆறவிட்ட பிறகுதான் திறக்க வேண்டும்.

110 என்பது தொடக்கப் புள்ளி. ஒவ்வொரு கழிவுக்கும் அதன் சூடும் அழுத்தமும் வேறு. ஐந்து டிகிரி வீதம் மாற்றி, ஒரே தடிமனில் வில்லைகள் செய்து, ஒவ்வொன்றையும் முறித்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

திறந்ததும் ‘டப்’பென்று நடுவில் பிளந்து, அப்பளம்போல் கொப்புளம் விட்டது. ஏன்?

சூட்டோடு திறந்திருக்கிறீர்கள். 100 டிகிரிக்கு மேல் உள்ளே அடைபட்ட தண்ணீர், அழுத்தம் போன கணத்தில் ஆவியாகி ஏடுகளைப் பிரித்துவிடும். மரத்தூள் பலகை ஆலைகளிலும் இதே தொல்லை உண்டு. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் பக்கத்தில் நிற்காதீர்கள். ஆறவிட்டும் கொப்புளம் வந்தால் பொடியில் ஈரம் அதிகம்.

மாறாக, விளிம்பு உதிர்ந்தால் சூடு போதவில்லை, அல்லது பொடி ஈரமே இல்லாமல் காய்ந்துவிட்டது. கறுத்துக் கசந்தால் சூடு மிஞ்சிவிட்டது.

காபிச் சக்கை, வாழைப்பழத் தோல், கல்யாண மண்டபத்து மிச்சம், எது சரிப்படும்?

டோக்கியோவில் கடற்பாசி, முட்டைக்கோஸ் இலை ஆகியவற்றையும், ஆரஞ்சு, வெங்காயம், பூசணி, வாழைப்பழம் இவற்றின் தோல்களையும் சோதித்தார்கள். பூசணி மட்டும் இலக்கு உறுதியைத் தொடவில்லை. அதில் சீன முட்டைக்கோஸ் பொடியைக் கலந்ததும் தேறிவிட்டது. இந்தக் கலப்பு உத்தி நமக்கு நல்ல வழிகாட்டி. காபிச் சக்கையில் கரையும் சர்க்கரை டிகாக்‌ஷனோடு போய்விடுகிறது, எண்ணெய் மட்டும் தங்குகிறது. தனியாக அழுத்தினால் ஒட்டாது. ஆரஞ்சுத் தோல் பொடியைப் பாதிக்குப் பாதி சேர்த்துத் தொடங்குங்கள்.

சமைத்த மிச்சம் வேண்டாம். எண்ணெய் ஒட்டலைக் கெடுக்கும், நாளாக ஆகச் சிக்கு வாடை அடிக்கும்.

உண்மையிலேயே சாப்பிடலாமா?

உடைத்துத் தண்ணீரில் கொதிக்கவைத்தால் இளகும். உப்போ சர்க்கரையோ சேர்த்தும் உறுதி குறையவில்லை என்று டோக்கியோ ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆனால் சாப்பிடும் தகுதி கழிவைச் சேகரிக்கும் இடத்திலேயே முடிவாகிவிடுகிறது. சந்தைத் தரையில் கிடந்த இலை, பூச்சிமருந்து படிந்த தோல், ஒருமுறை பூஞ்சை பிடித்தது இவற்றைச் சூடேற்றி அழுத்தினாலும் உணவாகாது. மருந்து எச்சம் காயும்போது செறிவாகும். பூஞ்சை நச்சு 110 டிகிரியில் அழியாது. 120 டிகிரியைத் தாண்டினால் அக்ரிலமைடு என்ற தீங்கான வேதிப்பொருள் உருவாகும் வாய்ப்பும் இருக்கிறது. தின்னும் நோக்கம் இருந்தால், அன்றைக்கே அரிந்து அன்றைக்கே உலர்த்துங்கள்.

நான்கு மாதம் கெடவில்லை என்கிறார்களே, சென்னைக் காற்றுக்கும் அது பொருந்துமா?

அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நுண்ணுயிர்கள் வளராமலிருக்க நீர்ச்செயல்பாடு, அதாவது அவற்றுக்குக் கிடைக்கும் ஈரத்தின் அளவு (தூய தண்ணீருக்கு 1), 0.6க்குக் கீழே இருக்க வேண்டும். கடற்கரை ஊர்களில் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நின்றால், பூச்சில்லாத வில்லை மெல்ல மெல்ல 0.75ஐ நெருங்கும். வறண்ட இடம் விரும்பும் பூஞ்சைகளுக்கு அது போதும். உணவுத் தர அரக்கை எத்தனாலில் கரைத்து, ஓரங்களையும் விடாமல் மூன்று மெல்லிய பூச்சு கொடுங்கள். மிட்டாய்க்கும் மாத்திரைக்கும் பளபளப்பு தருவது இதே அரக்குதான். பூசினாலும் குளியலறை, சமையல் மேடை வேண்டாம்.

இதனால் சுற்றுச்சூழலுக்கு லாபம் உண்டா?

உலர்த்தும் முறையைப் பொறுத்தது. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கக் குறைந்தது 0.6 யூனிட்டுக்கு மேல் சக்தி செலவாகும். ஒரு 10×10 செ.மீ. ஓட்டுக்கு ஒன்றேகால் கிலோவுக்கும் அதிகமான தண்ணீரை வெளியேற்ற வேண்டியிருக்கிறது. அதை மின்சாரத்தில் செய்தால் கணக்கு இடிக்கும். வெயிலில் செய்தால் கட்டும்.

சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காயும் வெல்லமும் சேர்த்தார்களே, அதுவும் இதுதானா?

இல்லை. அங்கே இறுகுவது சுண்ணாம்பு. கடுக்காய்ச் சாறும் வெல்லமும் அதன் வேலையைச் சீராக்கும் துணைப்பொருள்கள். சீனர்கள் சோற்றுக்கஞ்சி சேர்த்த சாந்தும் அப்படியே. இலைப் பலகையிலோ நாரும் பசையும் இரண்டுமே அந்த இலைதான்.