சொந்த வீட்டை விழாக்களுக்கு வாடகைக்கு விடலாமா?

கேள்வி: எனக்கும் என் தங்கைக்கும் கூட்டாகச் சொந்தமான தனி வீடு, தமிழ்நாட்டில் ஒரு நகராட்சியின் குடியிருப்புப் பகுதியில் உள்ளது. மாடியில் நான் குடியிருக்கிறேன். கீழ்த்தளக் கூடத்தையும் தோட்டத்தையும் எட்டு மாதங்களாகப் பிறந்தநாள், நிச்சயதார்த்தம் போன்ற சிறு நிகழ்ச்சிகளுக்கு ஒரு நாள் வாடகைக்கு விட்டு வருகிறேன். சென்ற மாதம் விருந்தினர் ஒருவர் மொட்டைமாடிப் படியில் இறங்கும்போது விழுந்து கையை முறித்துக்கொண்டார். இப்போது மருத்துவச் செலவைக் கேட்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் தாங்கவில்லை என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். இந்த வாரம் மின்வாரியத்திலிருந்து தற்காலிக மதிப்பீட்டு ஆணையும் வந்துவிட்டது. வாடகைக்கு எடுப்பவர்களிடம் “எந்த விபத்துக்கும் இழப்புக்கும் உரிமையாளர் பொறுப்பல்ல” என்று எழுதிக் கையெழுத்து வாங்கியே கொடுக்கிறேன். அது போதாதா? என் சொந்த வீட்டில் நான் செய்வதற்கு யாருடைய அனுமதி வேண்டும்?

பதில்: தாங்கள் வாங்கி வைத்திருக்கும் கையெழுத்து, கையெழுத்திட்டவரை மட்டுமே கட்டுப்படுத்தும். படியில் விழுந்த விருந்தினர் அதில் கையெழுத்திடவில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் இடவில்லை. மின்வாரியத்துக்கும் அந்தத் தாளுக்கும் சம்பந்தமே இல்லை. தங்களுக்கு வந்துள்ள மூன்று சிக்கல்களும் அந்த ஒப்பந்தத்துக்கு வெளியே இருப்பவர்களிடமிருந்து வந்தவை என்பதைக் கவனியுங்கள். வீடு சொந்தம் என்பது அதை விற்கவும் அடமானம் வைக்கவும் தரும் உரிமை. அதை எந்த நோக்கத்துக்குப் பயன்படுத்தலாம் என்பது வேறு சட்டங்களின் கையில் இருக்கிறது. உறவினருக்கு ஒரு மாலை கூடத்தைத் திறந்துவிடுவதைச் சட்டம் பொருட்படுத்தாது. முகம் தெரியாதவர்களுக்குத் தொடர்ந்து பணம் வாங்கிக்கொண்டு திறந்துவிடும்போது அது குடியிருப்புப் பயன்பாடு என்ற வரையறையைத் தாண்டிவிடுகிறது.

நாள் கெடு உள்ளது என்பதால் மின்வாரிய ஆணையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எந்தப் பயன்பாட்டுக்காக இணைப்பு வழங்கப்பட்டதோ அதைத் தவிர வேறொன்றுக்கு மின்சாரத்தைப் பயன்படுத்துவது, 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவின்படி அங்கீகாரமற்ற பயன்பாடு ஆகும். மின் திருட்டு வேறு, இது வேறு. இந்தப் பிரிவு மட்டுமே என்றால் வழக்கு, கைது என்று அஞ்ச வேண்டாம். ஆனால் பொருந்தக்கூடிய கட்டணத்தைப் போல் இரு மடங்கு கணக்கிட்டு வசூலிக்க அந்தப் பிரிவு இடம் தருகிறது. தவறான பயன்பாடு எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால், சோதனை நாளுக்கு முந்தைய 12 மாதங்களுக்குக் கணக்குப் போடுவார்கள். தாங்களோ எட்டு மாதங்களாகத்தான் வாடகைக்கு விடுவதாகச் சொல்கிறீர்கள். முதல் முன்பதிவு எந்தத் தேதியில் நடந்தது என்பதை வங்கிக் கணக்கின் வரவைக் கொண்டு காட்டினால், மீதி நான்கு மாதங்களை நீக்கும்படி கேட்கலாம். மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் தனித்தனி மீட்டர் இருந்தால், தாங்கள் குடியிருக்கும் மாடியின் மீட்டரில் பதிவான யூனிட்டுகள் ஆணையில் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். அவசரத்தில் போடப்படும் மதிப்பீடுகளில் இப்படிப்பட்ட பிழைகள் அரிதல்ல.

ஆணையை ஒப்புக்கொள்வதானால் கிடைத்த ஏழு நாட்களுக்குள் தொகையைச் செலுத்திவிடலாம். ஒப்புக்கொள்ளாவிட்டால் எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுத்து, நேரில் விசாரிக்கும்படியும் கேளுங்கள். தற்காலிக ஆணை வழங்கப்பட்ட 30 நாட்களுக்குள் இறுதி ஆணை பிறப்பிக்க வேண்டும். அதன் மீது மேலும் 30 நாட்களுக்குள் 127-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம் என்றாலும், மதிப்பிட்ட தொகையில் பாதியை முதலில் கட்டினால்தான் அது எடுத்துக்கொள்ளப்படும். பாதியைக் கட்டிவிட்டு வாதாடுவதைவிட இப்போதே ஆட்சேபத்தைத் தேதிகளோடும் சான்றுகளோடும் கொடுப்பது மேல். இதைச் சாதாரணப் பணத் தகராறு என்றெண்ணி உரிமையியல் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய்விடாதீர்கள். அங்கே இதை விசாரிக்க மாட்டார்கள்.

அடுத்து, படியில் விழுந்தவர். ஓர் இடத்தைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர், அங்கே அனுமதியோடு வருபவர்களுக்கு ஆபத்து நேராதபடி நியாயமான கவனம் எடுக்க வேண்டும் என்பது தீங்கியல் சட்டத்தின் (பிறருக்கு இழைத்த தீங்குக்கு இழப்பீடு கோரும் சட்டம்) பழைய விதி. இங்கிலாந்தில் இதற்கென 1957-இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. நம் நாட்டில் அப்படியொரு சட்டம் இல்லை, நீதிமன்றங்கள் பொதுவான கவனக்குறைவுக் கோட்பாட்டைக் கொண்டே தீர்மானிக்கின்றன. எனவே கேள்வி இப்படித்தான் எழும்: அந்தப் படியில் கைப்பிடி இருந்ததா? விளக்கு எரிந்ததா? மொட்டைமாடி வாடகைக்குக் கொடுத்த பகுதியில் சேர்ந்ததா? சேராது என்றால், அந்தக் கதவு பூட்டியிருந்ததா, அல்லது “மேலே போக வேண்டாம்” என்று வாயால் சொன்னதோடு சரியா? வாயால் சொன்னது ஆறு மாதம் கழித்து நீதிமன்றத்தில் சொல்லாததற்குச் சமமாகிவிடும். அவர் இருட்டில் கைப்பேசியைப் பார்த்தபடி இறங்கினார் என்பது போன்றவற்றை நிரூபித்தால் அவருடைய பங்குக் கவனக்குறைவுக்கு ஏற்பத் தங்கள் பொறுப்பு குறையும். முழுவதும் நீங்குவது கடினம்.

அவர் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பணம் கொடுத்தவர் மட்டுமன்றி, அவருடைய சம்மதத்தோடு அந்தச் சேவையைப் பயன்படுத்தியவரும் நுகர்வோர் என்ற வரையறைக்குள் வருகிறார். இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் அவர் புகார் கொடுக்கலாம். “இது என் வீடு, நான் சேவை எதுவும் வழங்கவில்லை” என்ற வாதம், நாற்காலியும் மின்சாரமும் துப்புரவும் சேர்த்து வாடகை வாங்கியிருக்கும்போது அங்கே எடுபடாது.

ஆகவே என் ஆலோசனை இதுதான். அவரிடம் மருத்துவமனை ரசீதுகளின் நகலைக் கேளுங்கள். நலம் விசாரிப்பது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது. ஆனால் “என்னால்தான் ஆயிற்று, பார்த்துச் செய்கிறேன்” என்று வாட்ஸ்அப்பில் எழுதிவிடாதீர்கள். தொகை மிகையில்லை என்றால், பொறுப்பை ஏற்காமல் மனிதாபிமான அடிப்படையில் கொடுப்பதாகவும், இதன் பிறகு வேறு கோரிக்கை இல்லை என்று அவர் ஒப்புக்கொள்வதாகவும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு முடித்துவிடுவது நல்லது. சிறு தொகைக்காக ஆணையத்துக்கு ஆண்டுக்கணக்கில் நடப்பதில் இருவருக்குமே லாபமில்லை. படியைச் சரிசெய்யுமுன் இப்போதுள்ள நிலையில் தேதி தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் காப்பீடு இருந்தால் அதன் நிபந்தனைகளையும் படியுங்கள். குடியிருப்புக்கென எடுத்த பாலிசிகள் பல, வணிகப் பயன்பாட்டில் நேரும் இழப்பை ஏற்பதில்லை. வீட்டுக் கடன் நிலுவையில் இருந்தால் வங்கியின் ஒப்பந்தத்தையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரரின் நோட்டீஸில் நியாயம் இருக்கிறது என்றே கருதுகிறேன். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை 55 டெசிபலும், அதன் பிறகு 45 டெசிபலும் அளவு. தனியார் இடத்தில் வைக்கும் ஒலிக் கருவியின் சத்தம், அந்த இடத்தின் எல்லையில் இந்த அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. அதாவது, தங்கள் மதில் சுவரருகே பகலில் 60, இரவில் 50. எதிரெதிரே நின்று இருவர் இயல்பாகப் பேசும் ஒலியே ஏறத்தாழ 60 டெசிபல் வரும். தோட்டத்தில் ஒலிபெருக்கியை வைத்துவிட்டு இந்த அளவுக்குள் இருப்பது நடக்காத காரியம். எழுத்து மூலம் அனுமதி பெறாமல் ஒலிபெருக்கி பயன்படுத்தக் கூடாது என்பதும், இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் கூடாது என்பதும் அதே விதிகளில் உள்ளன. மூடிய அரங்குகளுக்கு உள்ள விலக்கு, உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும் ஒலிக்கானது. சன்னல் திறந்த கூடத்துக்கு அதைக் கோர முடியாது.

அவர் காவல்துறையில் புகார் கொடுக்கலாம். உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்கலாம். தெருவிலுள்ள பலரும் பாதிக்கப்பட்டால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவின்படி நிர்வாக நடுவரை அணுகலாம். நோட்டீஸைக் கண்டுகொள்ளாமல் விடுவதுதான் மிக மோசமான வழி. இனிமேல் வெளியில் ஒலிபெருக்கி இல்லை, நிகழ்ச்சி 9.30-க்கு முடியும், அவருடைய வாசலில் வண்டி நிற்காது என்று எழுதிப் பதில் அனுப்புங்கள். எழுதியபடி நடந்தும் காட்டுங்கள்.

இனி தங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கட்டட அனுமதி குடியிருப்புக்கென வாங்கப்பட்டது. வழக்கமாக விழாக்கள் நடத்தும் இடமாக அதை மாற்றுவது, 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி பயன்பாட்டு மாற்றம். அனுமதியின்றி நடத்தினால் நோட்டீஸ், அதன் பிறகு பூட்டி முத்திரை வைப்பது வரை அதிகாரம் உண்டு. சொத்து வரியும் குடியிருப்பல்லாத விகிதத்துக்கு மாறும். எப்போதாவது ஒரு முறை கொடுப்பதை யாரும் மண்டபம் என்று சொல்லப் போவதில்லை. இணையத்தில் விளம்பரம் செய்து வார இறுதிதோறும் கொடுத்தால் சொல்வார்கள். தங்களுடையது இரண்டாவது வகையை நெருங்கிவிட்டது. ஆகவே நகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் இந்தத் தெருவில் அனுமதி கிடைக்குமா என்று எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வரை புதிய முன்பதிவு எடுக்க வேண்டாம். தங்கையின் எழுத்து மூலமான சம்மதமும் வேண்டும். வருமானத்தில் அவருக்குப் பங்கு உண்டு, இப்போதைய நிலையில் இழப்பீட்டு வழக்கில் அவரையும் எதிர்தரப்பாகச் சேர்க்க முடியும்.

வரியைப் பற்றிச் சுருக்கமாக: குடியிருக்க விடும் வாடகைக்குக் கிடைக்கும் ஜிஎஸ்டி விலக்கு விழாவுக்கு விடும் வாடகைக்குக் கிடையாது, ஆனால் தங்கள் ஆண்டு மொத்த விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை பதிவு தேவைப்படாது. வருமான வரிக் கணக்கில் இத்தொகையைக் காட்டியே ஆக வேண்டும்.

அனுமதி கிடைத்துத் தொடர்வதானால், இப்போதுள்ள ஒருவரித் தாளுக்குப் பதில் முறையான ஒப்பந்தம் எழுதுங்கள். அது வாடகை ஒப்பந்தமாக இல்லாமல், 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் 52-ஆம் பிரிவு கூறும் உரிமமாக இருக்க வேண்டும். இடத்தின் சுவாதீனம் தங்களிடமே இருக்கிறது, குறிப்பிட்ட மணி நேரம் பயன்படுத்த மட்டுமே அனுமதி என்பது அதன் பொருள். தலைப்பில் “உரிமம்” என்று எழுதிவிட்டால் ஆயிற்று என்றும் நினைக்க வேண்டாம். தலைப்பைப் பார்க்காமல் உள்ளடக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1959-இலேயே அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் வழக்கில் சொல்லிவிட்டது. ஆகவே சாவியை ஒப்படைத்துவிட்டு வெளியூர் போய்விடாமல், நிகழ்ச்சியின்போது தாங்களோ தங்கள் ஆளோ வீட்டில் இருங்கள்.

அதில் “மாலை 4 மணி முதல் இரவு 9.30 வரை கீழ்த்தளக் கூடமும் தோட்டமும் மட்டும், மாடிக்கும் மொட்டைமாடிக்கும் அனுமதி இல்லை, 10 மணிக்குள் அனைவரும் வெளியேற வேண்டும்” என்பது போல் இடத்தையும் நேரத்தையும் துல்லியமாகக் குறிப்பிடுங்கள். அதிகபட்ச ஆள் எண்ணிக்கை, வண்டி நிறுத்தும் இடம், விருந்தினரின் செயலால் தங்களுக்கு ஏற்படும் இழப்பை வாடகைக்கு எடுப்பவர் ஈடுசெய்வது ஆகியவையும் இடம்பெற வேண்டும். முன்பணத்தை முழுவதும் பறிமுதல் செய்வேன் என்று எழுதுவதில் பயனில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு நியாயமான ஈட்டை மட்டுமே அனுமதிக்கிறது. மிகையான முன்பணத்தை நுகர்வோர் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் என்கிறது. உடைந்த பொருளுக்கு ரசீது வைத்துக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுங்கள்.

மதுவைப் பொறுத்தவரை நடுவழி எதுவும் இல்லை. மது பரிமாறக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி, மீறினால் நிகழ்ச்சியை நிறுத்தும் உரிமையையும் வைத்துக்கொள்ளுங்கள். 2023-இல் திருமண மண்டபங்களில் சிறப்பு உரிமத்தோடு மது பரிமாற அனுமதித்த அரசே எதிர்ப்பு எழுந்ததும் மண்டபங்களை நீக்கிக்கொண்டது. ஆகவே உரிமத்தை நம்பி இதில் இறங்க வேண்டாம். போதைப்பொருள் இதைவிடக் கடுமையானது: தெரிந்தே வீட்டைப் பயன்படுத்த விட்ட உரிமையாளருக்கும், குற்றம் செய்தவருக்குரிய அதே தண்டனையை 1985-ஆம் ஆண்டின் சட்டம் 25-ஆம் பிரிவு விதிக்கிறது.

ஏற்கெனவே முன்பணம் வாங்கியுள்ள நிகழ்ச்சிகளை என்ன செய்வது என்று தாங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஆட்சேபம் நிலுவையில் இருக்கும்போது அதே கூடத்தில் இன்னொரு விழா நடந்தால் மின்வாரியத்துக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் தாங்களே சாட்சியம் கொடுத்தது போலாகும். உரியவர்களுக்கு உடனே தெரிவித்து, வாங்கிய தொகையை வங்கி மூலம் திருப்பி அனுப்பி, அந்தப் பரிவர்த்தனைச் சீட்டுகளை முன்பதிவு நோட்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.