ஜெர்மன் இசைநாடக இசையமைப்பாளர் வாக்னரின் இசைக்குப் பின்னால் இருந்த தத்துவவாதி யார்?

பலரும் நீட்சேயைத்தான் சொல்வார்கள். என் பதில் ஷோப்பன்ஹவர். ஜெர்மனியிலிருந்து தப்பி வந்து சூரிக்கில் வாழ்ந்த வாக்னர், 1854-இல் அவருடைய நூலைப் படித்தார். ஆசைக்கு ஓய்வே கிடையாது, மற்ற கலைகளைவிட இசை ஆழமானது என்ற எண்ணங்கள் அவரை உலுக்கிவிட்டன. வாக்னரின் 'டிரிஸ்டானும் இசோல்டேயும்' இசைநாடகத்தைக் கேட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் எழும் ஏக்கம் நிறைந்த சுரக்கூட்டு (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்), பல மணி நேரம் கழித்துக் கடைசியில்தான் முழுமையாக அமைதி அடைகிறது. ஆசையைப் பற்றிய ஒரு தத்துவம் இவ்வளவு நேரடியாக ஒலியாக மாறியதை நான் வேறெங்கும் கேட்டதில்லை. இத்தனைக்கும் ஷோப்பன்ஹவருக்குப் பிடித்த இசையமைப்பாளர்கள் மொசார்ட்டும் ரொசினியும்தான்!

நீட்சே அறிமுகமானது 1868-இல், லைப்சிக்கில். அவர் வாக்னரைவிட 31 வயது இளையவர். 1872-இல் தன் முதல் நூலை வாக்னருக்கே அர்ப்பணித்தார். 1888-இல் அவரைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். அந்தத் தாக்குதலிலும் எனக்குக் கேட்பது பழைய அன்புதான்.

தத்துவவாதிகளைத் தாண்டி, வாக்னரோடு தொடர்புடைய இசைக்கலைஞர்களில் லிஸ்டை மறக்கக்கூடாது. வாக்னர் ஜெர்மனிக்குள் நுழைய முடியாதிருந்த 1850-இல், வைமாரில் வாக்னரின் 'லோஹென்கிரின்' இசைநாடகத்தின் முதல் அரங்கேற்றத்தை நடத்தியவர் அவர்தான். பின்னாளில் வாக்னரின் மாமனாரும் ஆனார்.

ஓவியர்களில் ரெனுவார், 1882-இல் பலெர்மோவில் வாக்னரை ஒரே அமர்வில், சுமார் 35 நிமிடங்களில் வரைந்தார்.