கொரோனா ஊரடங்கில் விற்க வழியில்லாத மீனையும் இறாலையும் பண்ணைகள் எப்படிச் சமாளித்தன?

மீனுக்கு ஒரு வழி, இறாலுக்கு வேறு வழி. 2020 மார்ச் 25-இல் ஊரடங்கு வந்து லாரியும் ஐஸும் கிடைக்காமல் போனதும், கட்லா, ரோகு வளர்த்தவர்களுக்குக் கைகொடுத்தது தீவனக் குறைப்பு. வழக்கமாக உடல் எடையில் 2–3 சதவீதம் போடுவதை 1 சதவீதமாக்கினால் மீன் பெரிதாக வளராது, சாகவும் சாகாது. ஒரு டன் மீனுக்கு ஒரு நாளைக்கு 10 கிலோ தீவனம். தண்ணீரும் கெடாது.

இறாலில் இது எடுபடாது. பட்டினி போட்டால், தோலுரித்து மெத்தென்று கிடக்கும் இறாலை மற்றவை தின்றுவிடும். அங்கே பகுதி அறுவடைதான் வழி: மூன்றில் ஒரு பங்கைப் பிடித்து நெருக்கத்தைக் குறைத்துவிட்டு, தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரை இரவு முழுக்க ஓட்ட வேண்டும். விடியற்காலையில் ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கக் கூடாது. கரண்ட் போனால் ஜெனரேட்டருக்கு டீசல் கையிருப்பில் இருக்க வேண்டும். பயந்துபோய் எல்லோரும் ஒரே நேரத்தில் மொத்தமாகப் பிடித்தால் விலை சரியத்தான் செய்யும்.

பலர் கவனிக்காதது குஞ்சு. பண்ணைகளில் வளர்க்கும் வனாமி வகையின் தாய் இறால் வெளிநாட்டிலிருந்து விமானத்தில் சென்னைக்கு வந்து, நீலாங்கரை தனிமைப்படுத்தல் மையத்தைக் கடந்துதான் பொரிப்பகங்களுக்குப் போகும். விமானம் நின்றால் குஞ்சும் இல்லை. குளத்தைக் காலி செய்யுமுன் குஞ்சு கிடைக்குமா என்று பொரிப்பகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.